போட்டோஷொப்பில் தமிழ் எழுத்து சிதறினால்

‘கொழும்பு’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துருவில் பிழையில்லை. கன்ட்ரோல்+கே அழுத்தி, திறக்கும் அமைப்புப் பெட்டியின் டைப் பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள், பழைய பதிப்புகளில் அதன் பெயர் ‘மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன்’. ஏற்கெனவே தட்டிய வரி இதனால் மாறாது. அந்த லேயரைத் தெரிவு செய்து, பராகிராப் பனலின் மூலை மெனுவிலும் அதையே கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

பெட்டிகளோ ஆங்கில எழுத்துக் குவியலோ வந்தால் கதை வேறு. யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறிமுறை) வரிக்குப் பாமினியையோ, பாமினி வரிக்கு யூனிகோட் எழுத்துருவான லதாவையோ போட்டிருப்பீர்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. வரியை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு நிர்மலா யூஐ போடுங்கள்.

கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு பனர் அனுப்புமுன், கோப்பின் பிரதியொன்றில் எழுத்து லேயருக்கு, எழுத்தை வடிவமாக மாற்றும் ‘கன்வேர்ட் டு ஷேப்’ கொடுங்கள். அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது.