கிளிக் வருகிறது, ஆள் தங்குவதில்லை: லேண்டிங் பேஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் தேடல் விளம்பரத்தில் கிளிக் விழுந்த நொடியிலேயே பணம் போய்விடுகிறது. வந்தவர் வாங்கினாரா, படிவத்தை நிரப்பினாரா, திரும்பிப் போனாரா என்பதெல்லாம் அதற்கப்புறம். ஆனாலும் விளம்பரம் ஓட்டுபவர்களின் நேரம் பெரும்பாலும் கீவேர்டிலும் (விளம்பரம் எந்தத் தேடலுக்கு வர வேண்டும் என்று கொடுக்கும் சொல்) பிட் தொகையிலும் (ஒரு கிளிக்குக்குத் தரத் தயாரான தொகை)தான் கழிகிறது. லேண்டிங் பேஜை, அதாவது விளம்பரத்தைத் தட்டியதும் திறக்கும் பக்கத்தை, ஒருமுறை செய்து வைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். விளம்பரம் கொடுத்த வாக்கை அந்தப் பக்கம் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதைத்தான் நான் முதல் வேலையாக வைப்பேன்.

எல்லாக் கிளிக்கையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்புவது

இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். ஒருவர் ‘அகலமான பாதத்துக்கு வாக்கிங் ஷூ’ என்று தேடுகிறார். விளம்பரமும் அதையே சொல்கிறது. தட்டினால் கடையின் முகப்பு திறக்கிறது. மேலே புதுவரவு பேனர், அதன் கீழே செருப்பு, பை, காலுறை. இனி அவர் மெனுவைத் திறந்து, ஷூவைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் வாக்கிங் ஷூவைப் பிடித்து, ஃபில்டரில் அகலத்தைத் தேட வேண்டும். தேடும் வேலை முடிந்தது என்று நம்பித்தான் அவர் விளம்பரத்தைத் தட்டினார். பேக் பட்டனை அழுத்தினால் போட்டியாளரின் விளம்பரம் அங்கேயே இருக்கிறது.

அவருக்குத் தேவை, அகலமான ஷூக்கள் மட்டும் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட பக்கம். அவர் தேடியதைத் தலைப்பு திரும்பச் சொல்லட்டும். பாதத்தின் அகலத்தை எப்படி அளப்பது என்று இரண்டு வரி, ஓர் அளவு அட்டவணை, பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா என்பதற்குப் பதில். இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பல தளங்களில் ஃபில்டர் போட்ட பக்கத்தின் முகவரியை அப்படியே ஃபைனல் யுஆர்எல்லாக (விளம்பரம் திறக்க வேண்டிய முகவரியாக) கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் ஒவ்வொரு கீவேர்டுக்கும் ஒரு பக்கம் செய்ய வேண்டுமா? வேண்டாம். தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய நகல்களைக் குவித்தால், விலை மாறும் நாளில் பாதிப் பக்கங்கள் பழைய விலையோடு நிற்கும். தேடுபவரின் நோக்கம் மாறும் இடத்தில் பக்கம் மாறினால் போதும். ‘வாக்கிங் ஷூ விலை’ என்பவருக்கும் ‘வாக்கிங் ஷூ வாங்க’ என்பவருக்கும் ஒரே பக்கம் சரிப்படும். ‘பாத அகலம் அளப்பது எப்படி’ என்பவருக்குச் சரிப்படாது. இந்த வேறுபாடு விளம்பரக் கணக்கில் இருக்கும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில் தெரியும். கீவேர்டு பட்டியல் நீங்கள் போட்டது. அந்த ரிப்போர்ட்டில் இருப்பவை மக்கள் தங்கள் கையால் எழுதித் தேடியவை. பக்கத்தின் வாசகத்தை அதிலிருந்து எடுங்கள்.

பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் (கூகுளே பெரும்பாலும் தானாக நடத்தும் விளம்பர வகை) ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அதில் ஃபைனல் யுஆர்எல் எக்ஸ்பான்ஷன் இயங்கினால், நீங்கள் கொடுத்த பக்கத்தை விட்டுத் தளத்தின் வேறு பக்கத்துக்கும் கூகுள் ஆளை அனுப்பலாம். வேலைவாய்ப்பு, பழைய செய்திகள் போன்ற பக்கங்களை விலக்கி வையுங்கள்.

குவாலிட்டி ஸ்கோரைத் துரத்துவது

கூகுளின் விளம்பரத் தளமான கூகுள் ஆட்ஸில் கீவேர்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை ஒரு குவாலிட்டி ஸ்கோர் உண்டு. எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம் (பார்ப்பவர்களில் எத்தனை பேர் தட்டுவார்கள் என்ற கணிப்பு), விளம்பரத்தின் பொருத்தம், லேண்டிங் பேஜ் அனுபவம் என்று மூன்று கூறுகள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று மதிப்பு கிடைக்கும். அதே கீவேர்டுக்குக் கடந்த 90 நாட்களில் விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பு அது. அதனால் நீங்கள் எதையும் மாற்றாமல் இருந்தாலும், போட்டியாளர்கள் தங்கள் பக்கங்களைச் சரிசெய்தால் உங்கள் மதிப்பு இறங்கக்கூடும்.

யார் விளம்பரம் எங்கே வரும் என்று ஒவ்வொரு தேடலிலும் கூகுள் ஓர் ஏலத்தில் தீர்மானிக்கிறது. அந்த எண் அப்படியே ஏலத்துக்குள் போவதில்லை. ஏலத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் தரம் அந்த நேரத்தில் தனியாகக் கணக்கிடப்படுகிறது. குவாலிட்டி ஸ்கோர் பழுது எங்கே என்று காட்ட மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளாமல் 7-ஐ 9 ஆக்குவதற்காகப் பக்கம் முழுக்கக் கீவேர்டைத் திணிக்கிறார்கள். படிப்பவருக்கு அது எரிச்சல். மூன்று கூறுகளில் லேண்டிங் பேஜ் மட்டும் ‘சராசரிக்குக் கீழ்’ என்று இருந்தால் பக்கத்தைத் திருத்த உட்காருங்கள். அது நன்றாக இருந்து கிளிக் விகிதம் மோசமாக இருந்தால், விளம்பர வாசகத்தைத் திருத்துவதுதான் வேலை.

அலுவலக வைஃபையில் வேகம் பார்ப்பது

பக்கத்தை உருவாக்கியவரின் கணினியில் அது எப்போதும் வேகமாகத்தான் திறக்கும். வாடிக்கையாளர் சுமாரான போனில், நகரும் வண்டியில் இருந்தபடி திறக்கிறார். பக்கம் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோலின்படி பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும்; பக்கத்தில் இருப்பவை திடீரென்று இடம் குதிப்பதற்கான மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் சோதனைக் கருவியில் முகவரியைப் போட்டால், போதுமான வருகை உள்ள பக்கங்களுக்குக் கடந்த 28 நாட்களில் உண்மையான பயனர்கள் கண்ட வேகமே கிடைக்கும். கீழே வரும் 100-க்கான மதிப்பெண்ணைவிட இதைத்தான் முதலில் பாருங்கள்.

பல பக்கங்களில் ஒளிந்திருக்கும் ஒரு பிழை: வேகத்துக்காக என்று எல்லாப் படங்களுக்கும் லேசி லோடிங் (திரைக்கு வரும் நேரத்தில்தான் படத்தை இறக்கும் முறை) போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது. முதல் திரையிலேயே வர வேண்டிய பெரிய படத்துக்கும் போட்டால், பக்கம் திறந்த பிறகும் அந்தப் படம் தாமதமாகத்தான் வரும். அதற்கு மட்டும் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பக்கம் திறந்த பிறகு மேலிருந்து இறங்கும் சலுகைப் பட்டை. ‘வாங்கு’ பட்டனைத் தொடப் போகும் நேரத்தில் அது எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட, விரல் வேறு எதிலோ படுகிறது. அந்தப் பட்டைக்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

படிவத்தில் ஆளை விரட்டுவது

விலை விவரம் கேட்டு வந்தவரிடம் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, நிறுவனம், பதவி, ஊர், ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்’ என்று அடுக்குவது வழக்கமாகிவிட்டது. கடைசிக் கேள்விக்கான பதில் உங்கள் விளம்பரக் கணக்கிலேயே இருக்கிறது. திரும்ப அழைக்க எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள்; மற்றதைப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இருக்கும் கட்டங்களையாவது ஒழுங்காக வையுங்கள். போன் எண் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். பெயரையும் மின்னஞ்சலையும் பிரவுசர் தானாக நிரப்ப விட வேண்டும். எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டதற்காகப் பிழை காட்டாதீர்கள். அந்த இடைவெளியை நீக்க நிரலில் ஒரு வரி போதும். ஒரு கட்டத்தில் பிழை என்பதற்காக நிரப்பிய அத்தனையையும் அழித்துவிடும் படிவங்களும் இருக்கின்றன. அங்கே இரண்டாவது முறை நிரப்ப யாருக்கும் பொறுமை இருக்காது.

பட்டனில் ‘சமர்ப்பி’ என்று போடாமல் ‘விலைப்பட்டியல் அனுப்புங்கள்’ என்பதுபோல நடக்கப்போவதை எழுதுங்கள். யார் அழைப்பார்கள், எப்போது அழைப்பார்கள் என்று பக்கத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். எண்ணைக் கொடுக்கத் தயங்குபவரின் பயம் முன்பின் தெரியாத அழைப்புகளைப் பற்றியது; அதற்கு நேராகப் பதில் சொல்வதே மரியாதை. தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பும் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியும் கட்டாயம்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக ஓடத் தொடங்கும் ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ கடிகாரத்தைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அது பொய், பக்கத்தை இரண்டு முறை திறந்தாலே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத உடைசல்கள்

விளம்பரத்தின் முகவரியை ஆட்ஸ்பாட் என்ற கூகுளின் நிரல் வந்து சோதிக்கிறது. ரோபோட்ஸ் கோப்பில் (எந்தத் தானியங்கி நிரல் தளத்துக்குள் வரலாம் என்று சொல்லும் கோப்பு) எல்லா பாட்களுக்கும் பொதுவாகப் போட்ட தடையை அது பொருட்படுத்தாது. பெயர் சொல்லித் தடுத்தால்தான் நிற்கும். ஆனால் தளத்தின் ஃபயர்வால் அதைத் திருப்பி அனுப்பினால், உங்கள் போனில் நன்றாகத் திறக்கும் பக்கத்துக்கும் ‘இயங்கவில்லை’ என்று விளம்பரம் நிராகரிக்கப்படும்.

அதேபோல, நடுவில் ஒரு ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) இருந்தால், எந்தக் கிளிக் என்று அடையாளம் காட்ட முகவரியோடு வரும் ஜிக்ளிட் (gclid) குறி தொலைந்துபோகலாம். விற்பனை நடக்கும், அது எந்த விளம்பரத்தால் என்று பதிவாகாது. பிறகு நன்றாக ஓடும் கீவேர்டையே நிறுத்திவிடுவீர்கள். உங்கள் முகவரியின் பின்னால் சோதனைக்கு ஒரு ஜிக்ளிட் மதிப்பைச் சேர்த்துத் திறந்து, கடைசியில் திறக்கும் பக்கத்தின் முகவரியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நன்றி சொல்லும் பக்கத்தில் கன்வெர்ஷன் டேக் (வாங்கியதையோ படிவம் நிரப்பியதையோ எண்ணும் நிரல்) இருந்தால், ஒருவர் அதை ரீஃப்ரெஷ் செய்யும்போது இரண்டாவதாக எண்ணப்படலாம். விசாரணைப் படிவங்களுக்கு ஒரு கிளிக்குக்கு ஒன்று மட்டும் எண்ணும் அமைப்பை வையுங்கள். இந்தக் கணக்கு சரியான பிறகுதான் பக்கத்தை மாற்றிச் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தலைப்பு, படம், படிவம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, தேதியைக் குறித்து, போதுமான கிளிக் சேரும்வரை காத்திருங்கள். லேண்டிங் பேஜ் அனுபவத்தின் பழைய மதிப்பைக் காட்டும் நெடுவரிசையும் கூகுள் ஆட்ஸின் அட்டவணையிலேயே உண்டு. நாள்வாரியாகப் பிரித்து வைத்தால், நீங்கள் குறித்த தேதிக்குப் பிறகு எந்தக் கீவேர்டில் அது நகர்ந்தது என்று தெரியும்.