பெட்டிக்குள் வினைச்சொல், கோட்டின் மேல் பெயர்ச்சொல்: ஆலையின் இயக்கத்தை வரைவது எப்படி

ஒரு ஆலை எப்படி ஓடுகிறது என்று படம் போட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். ஸ்டோர்ஸில் மூலப்பொருள் வந்து இறங்குவதில் தொடங்கி, மெஷின் மெஷினாக அம்புக்குறி போட்டு, கடைசியில் லாரியில் ஏற்றிவிட்டு நிறுத்துவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் "போன வாரம் கியர்களின் கடினம் ஏன் குறைந்தது" என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் கிடைக்காது. பொருள் நகரும் வழி மட்டும்தான் அதில் இருக்கிறது. எந்த வேலையை எது கட்டுப்படுத்துகிறது, எந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இல்லை.

அதனால் நான் இரண்டு படம் போடுவேன். என்னென்ன வேலைகள் நடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன தேவை என்பது ஒரு படம்; எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் நடக்கின்றன என்பது இன்னொரு படம். இரண்டையும் ஒரே தாளில் திணித்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

முதல் படத்துக்கு ஐடெஃப் ஜீரோ (IDEF0) முறையே எனக்குப் போதும்: ஒவ்வொரு வேலையையும் ஒரு பெட்டியாகவும், அதற்கு வந்து போகிறவற்றைக் கோடுகளாகவும் வரைகிற முறை. டக்ளஸ் ராஸும் அவருடைய சாஃப்டெக் நிறுவனமும் உருவாக்கிய ஒரு பகுப்பாய்வு முறையிலிருந்து, அமெரிக்க விமானப்படை தன் உற்பத்தித் திட்டத்துக்காக எடுத்துக்கொண்டது இது. 1993-ல் அந்நாட்டு அரசுத் தரநிலையாக வந்து, 2008-ல் அந்த அந்தஸ்து போய், 2012-ல் சர்வதேசத் தரநிலையாகத் திரும்பி வந்தது. பழைய சரக்குதான், ஆனால் பென்சிலும் தாளும் இருந்தால் போதும், அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

வரைவதற்கு முன் இரண்டு வரி

படத்தை எதற்காக வரைகிறோம், யார் கண்ணில் பார்த்து வரைகிறோம். இந்த இரண்டையும் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். "வெப்பப் பதப்படுத்தலில் கழிவு எங்கே உருவாகிறது என்று கண்டுபிடிக்க, உற்பத்தி மேலாளரின் பார்வையில்" என்பது மாதிரி (கியர்களை ஃபர்னஸில் சூடாக்கிக் கடினமாக்குவதைத்தான் வெப்பப் பதப்படுத்தல் என்கிறேன்). இதை எழுதாமல் ஆரம்பித்த படங்கள் பாதியில் திசை மாறியதைப் பார்த்திருக்கிறேன். திட்டமிடுபவருக்கு முக்கியமாகத் தெரிவது பராமரிப்புக்காரருக்கு ஒன்றுமே இல்லை, இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் போனால் தாள் நிரம்புமே தவிர படம் தெளியாது.

அந்த முதல் தாளில் ஒரே ஒரு பெட்டி மட்டும் இருக்கும், அதற்குப் பெயர் ஏ மைனஸ் ஜீரோ. உள்ளே "கியர் தயாரி" என்று எழுதி, வெளியிலிருந்து வருவதையும் வெளியே போவதையும் மட்டும் காட்டினால் எல்லை முடிவாகிவிடும். விற்பனை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற சண்டையெல்லாம் இங்கேயே போட்டு முடித்துவிடுவது நல்லது.

நான்கு பக்கம், நான்கு அர்த்தம்

பெட்டியில் எப்போதும் வினைதான்: வெட்டு, பதப்படுத்து, சோதி. "தரக்கட்டுப்பாடு" என்று எழுதினால் அது ஒரு டிபார்ட்மென்டின் பெயர், வேலையின் பெயர் இல்லை. கோடுகளின் மேல் பெயர்ச்சொல். இடப்பக்கம் நுழைவது உள்ளீடு, வலப்பக்கம் வெளியேறுவது வெளியீடு, மேலிருந்து இறங்குவது கட்டுப்பாடு, கீழிருந்து ஏறுவது அந்த வேலையைச் செய்கிற ஆளோ மெஷினோ.

"கியரைப் பதப்படுத்து" என்ற பெட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இடப்பக்கம் பல் வெட்டிய கியர்கள் வருகின்றன. கீழே ஃபர்னஸ், ஆபரேட்டர், கியர்களை அடுக்குகிற ஃபிக்சர். மேலே பிராசஸ் ஷீட்: எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம், முடிவில் மேற்பரப்புக் கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்க வேண்டும் என்பது. வலப்பக்கம் பதப்படுத்திய கியர்கள், கூடவே ஃபர்னஸ் பதிவு. இந்தப் பதிவைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பொருள் மட்டும்தான் வெளியீடு என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பின்னால் சோதனை செய்கிறவர் அந்தத் தாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

உள்ளீடா கட்டுப்பாடா என்று குழப்பம் வரும், எனக்கு இன்றைக்கும் வருகிறது. நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்த வேலை முடியும்போது இது உருமாறிவிடுகிறதா, தீர்ந்துவிடுகிறதா? கியர் மாறுகிறது, அதனால் உள்ளீடு. பிராசஸ் ஷீட் அப்படியே இருக்கிறது, ஆனால் வேலையை நடத்துகிறது, அதனால் கட்டுப்பாடு. அப்படியும் தெரியவில்லையா, கட்டுப்பாடு என்றே போட்டுவிடுங்கள், தவறில்லை. உள்ளீடு இல்லாத பெட்டியை இந்த முறை அனுமதிக்கிறது, கட்டுப்பாடு இல்லாத பெட்டியை அனுமதிப்பதில்லை. மேல்பக்கம் காலியாக இருக்கிற பெட்டியைப் பார்த்தால், அங்கே யாரோ ஒருவர் மனக்கணக்கில் வேலையை ஓட்டுகிறார் என்று அர்த்தம், உடனே போய்க் கேளுங்கள்.

திரும்பி வருகிற கோடுகளை ஜாக்கிரதையாகப் போடுங்கள். கடினம் போதாத கியர்கள் மறுபடி ஃபர்னஸுக்குப் போனால் அது பொருள், கீழ் வழியாகச் சுற்றி வந்து உள்ளீடாக நுழையும். கடினச் சோதனையின் முடிவைப் பார்த்து அடுத்த லோடின் (ஃபர்னஸில் ஒரே தடவையில் ஏற்றுகிற கியர்களின்) வெப்பநிலையை மாற்றுகிறார்கள் என்றால் அது தகவல், மேல் வழியாகச் சுற்றி கட்டுப்பாடாக இறங்கும். இரண்டுக்கும் சேர்த்து "ரீவொர்க்" என்று ஒரே கோடு இழுத்துவிட்டால், தவறைத் திருத்துகிறார்களா அல்லது அதிலிருந்து கற்றுக்கொள்கிறார்களா என்கிற வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.

உள்ளே இறங்குவது

ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று முதல் ஆறு பெட்டிகள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டுதான் வருகிறது என்றால் திறக்கவே தேவையில்லை, ஏழு வந்தால் எங்கேயோ இரண்டைச் சேர்க்கலாம். எண்கள் ஏ0, அதற்குள் ஏ1, ஏ2, ஏ2-க்குள் ஏ21 என்று போகும். மேல் தாளில் பெட்டிக்குள் நுழைந்த ஒவ்வொரு கோடும் கீழ்த் தாளில் எங்கேயாவது வந்து சேர வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பிழைகள் மாட்டிக்கொள்ளும். சலிப்பான வேலைதான், விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது? அடுத்த கட்டம் இறங்கினால் ஆபரேட்டரின் வேலைக் குறிப்பைத்தான் திரும்ப எழுதப் போகிறீர்கள் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம்தான் வரிசையும் நேரமும்

ஐடெஃப் ஜீரோவில் இடப்பக்கப் பெட்டி முதலில் நடக்கிறது என்று அர்த்தமே கிடையாது. நேரத்தைப் பற்றி அது வாயைத் திறக்காது. வரிசைக்கு ஐடெஃப் த்ரீயோ (IDEF3) பிபிஎம்என்னோ (BPMN), வேலை நடக்கும் வரிசையை வரைகிற ஏதாவது ஒரு குறியீட்டு முறையை எடுத்துக்கொள்ளலாம், ஆலையில் ஏற்கெனவே எது புழக்கத்தில் இருக்கிறதோ அதுவே போதும். குறியீடு எதுவானாலும் பாதை பிரிகிற இடத்தில் ஒன்றைக் கேளுங்கள்: எல்லா வழியிலும் போகிறதா, ஏதோ ஒன்றில் மட்டும் போகிறதா? சோதனைக்குப் பிறகு கியர் பாஸ் ஆகும், ரீவொர்க் ஆகும், அல்லது ஸ்கிராப் ஆகும், மூன்றில் ஒன்றுதான். ஆனால் ஃபர்னஸிலிருந்து லோடு இறங்கியதும் கியர் சோதனைக்கும் பதிவு ஆபீசுக்கும் ஒரே நேரத்தில் போகும். இரண்டும் வெவ்வேறு சந்திப்புகள், ஒரே முட்கரண்டி மாதிரி வரையக் கூடாது.

ஒவ்வொரு படிக்கும் நேரத்தையும் லோடின் அளவையும் எழுதினால்தான் இந்தப் படம் பேச ஆரம்பிக்கும். ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பல் வெட்டும் மெஷினுக்கு ஒரு கியருக்கு 4 நிமிடம், ஃபர்னஸில் ஒரு லோடு 300 கியர், 8 மணி நேரம். ஒரே மெஷின் என்றால் ஒரு லோடு சேர 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். ஃபர்னஸ் 12 மணி நேரம் சும்மா எரிந்துகொண்டிருக்கும். மூன்று மெஷின் போட்டால் 6 மணி 40 நிமிடத்தில் லோடு தயார், இப்போது ஃபர்னஸ்தான் இடைஞ்சல், அதன் வாசலில் கியர்கள் குவியும். முதல் படத்தை எத்தனை நாள் பார்த்தாலும் இது தெரியாது. அதே மாதிரி கடினம் ஏன் குறைந்தது என்பது இந்த இரண்டாவது படத்தில் தெரியாது.

காட்டித் திருத்துவது

படத்தை வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள், கருத்தை அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், பதிலை நீங்களும் அதிலேயே எழுதித் திருப்பிக் கொடுங்கள். கூட்டம் போட்டுப் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதுதான் படத்தில் இருக்கும்.

நான் ஒருமுறை பதப்படுத்தும் பெட்டிக்கு மேலே பிராசஸ் ஷீட்டை மட்டும் போட்டு ஃபர்னஸ் ஆபரேட்டரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எந்த அளவு கியருக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று பல வருடமாக எழுதிவைத்திருந்தார், ஷீட்டில் அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த நோட்டையும் கட்டுப்பாட்டுக் கோடாகப் போட்டேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை, "விதிமுறையில் இல்லாததை ஏன் போடுகிறீர்கள்" என்றார். இருப்பதை வரைந்த பிறகுதான் இருக்க வேண்டியதை வரைய முடியும், இரண்டையும் தனித்தனிப் படமாக வைத்துக்கொண்டு எது எது என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்கிற புதியது ஒன்றை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் கீழிருந்து ஏறுகிற கோட்டின் பெயர் மட்டும் மாறினால் சரி. பெட்டியின் பெயரையே மாற்ற வேண்டி வருகிறதென்றால், நீங்கள் மெஷினின் பெயரைப் பெட்டிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை எடுத்துத் திரும்ப வரையுங்கள்.