கிறீன் வைத்தியரின் தாள்கள்: எண்ணிமமாக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைமருத்துவம் கற்பித்து, 1860களில் அப்பாடத்தைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தவர். அவரைப் போன்ற ஒருவரின் கடிதங்களையும் கைப்பிரதிகளையும் எண்ணிமமாக்க, அதாவது படமெடுத்துக் கணினிக் கோப்பாக்க, முனைவோர், கட்டை அவிழ்த்ததும் தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிவிடுகின்றனர். திகதியிடாத ஒரு துண்டுக்குறிப்பு எந்தக் கடிதத்தினுள் மடிந்து கிடந்தது என்பதே சிலவேளை அதன் காலத்துக்கு எஞ்சியுள்ள ஒரே சான்று. இருந்த வரிசையிலேயே எண்ணிட்டுப் படமெடுங்கள். காலவரிசையைப் பட்டியலில் அமைத்துக்கொள்ளலாம்.

கோப்பு சிறிதாகும் என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்வதும் தவறு. அக்காலத்து இரும்பு மை பழுப்பேறி மறுபக்கம் ஊறியிருக்கும். வண்ணப்படத்தில் பிரித்தறியக்கூடிய இருபக்க எழுத்தும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடும். மெல்லிய தாளின் பின்னே கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க நிழல் குறையும்.

கிறீனின் கடிதங்கள் 1891இல் அச்சாகிவிட்டனவே என்று மூலத்தை ஒதுக்கவும் கூடாது. தொகுப்பாளர் தெரிந்தெடுத்துத்தான் அச்சிடுவார்.

மிகுந்த சேதம் தட்டச்சில் நேர்கிறது. கிறீனின் ‘கெமிஸ்தம்’ என்ற நூற்பெயரை ‘வேதியியல்’ என்றும், ‘இரணவைத்தியம்’ என்பதை ‘அறுவைச் சிகிச்சை’ என்றும் நல்லெண்ணத்தோடு திருத்துபவர், தமிழில் மருத்துவக் கலைச்சொல் உருவான தடத்தையே அழித்துவிடுகிறார். மூலச்சொல்லை அப்படியே பதிந்து, இன்றைய சொல்லைத் தேடற்சொல்லாக மட்டும் சேர்த்தல் வேண்டும். கைப்பிரதியில் வெட்டப்பட்ட சொல்லையும் விட்டுவிடலாகாது. எனக்கு அதுவே அச்சேறிய சொல்லைவிடச் சுவையானது. புள்ளியிடாமலும், துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் ஒரே வடிவிட்டும் எழுதிய பழைய கையெழுத்தை இயந்திர வாசிப்பிடம் (OCR) ஒப்படைத்துவிட்டு மெய்ப்புப் பாராதிருப்பதும் ஆபத்து.

பெயர்களிலும் பொறி உண்டு. மிசன் பள்ளிகளில் மாணவருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்பன தெரிந்த சான்றுகள். ஆங்கிலப் பெயரைக் கண்டதும் அமெரிக்கர் என்று பதிந்தால், தமிழ் மாணவர் ஒருவர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்.

நோயாளர் குறிப்புகளைப் பொதுவில் ஏற்றும்போது பெயரையும் ஊரையும் மறையுங்கள். ஆனால் மறைப்பதை, வாசகருக்குக் காட்டும் பார்வைப் படியில் மட்டும் செய்யுங்கள். மூலப் படக்கோப்பில் கைவைக்க வேண்டாம்.