அடர்ந்த சர்க்கரைப் பாகிலிருந்து எத்தனால்: தொடர் நொதித்தலை நிலையாக ஓட்டுவது எப்படி?

தொடர் நொதித்தல் என்றால் தொட்டிக்குள் பாகை இடைவிடாமல் விட்டு, நொதித்த திரவத்தை இடைவிடாமல் வெளியே எடுப்பது. பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தக் கெட்டித்தன்மை தொட்டிக்குள் இருக்கும் ஈஸ்டுக்குத் தெரியக் கூடாது. உள்ளே விழும் சர்க்கரை உடனே கலந்து, உடனே செலவாகி, லிட்டருக்கு 2–3 கிராம்தான் மிஞ்ச வேண்டும். அப்படி ஓடும்போது ஈஸ்டை நெருக்குவது சர்க்கரை அல்ல, அதே ஈஸ்ட் உண்டாக்கிய எத்தனால். எவ்வளவு நீர் சேர்ப்பது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

1,000 லிட்டர் திரவம் நிற்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 65 பிரிக்ஸ் (எடையில் 65 சதவீதம் சர்க்கரை உள்ள) வெள்ளைச் சர்க்கரைப் பாகில் லிட்டருக்குச் சுமார் 855 கிராம் சர்க்கரை இருக்கும். மணிக்கு 14 லிட்டர் பாகு, 66 லிட்டர் நீர் விட்டால் கலவை லிட்டருக்கு 150 கிராம் ஆகும். கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய அதிகபட்ச எத்தனாலில் 90 சதவீதம் எட்டினால் மணிக்கு 5.8 கிலோ எத்தனால், அதாவது கனஅளவில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். பாகையும் நீரையும் தொட்டி வாசலில்தான் கலக்க வேண்டும். கெட்டிப் பாகு எளிதில் கெடாது, நீர்த்த பாகு விரைவில் புளித்துவிடும்.

வெள்ளைச் சர்க்கரையில் இனிப்பைத் தவிர ஈஸ்டுக்கு வேறு ஊட்டம் இல்லை. கலவையில் லிட்டருக்கு டைஅமோனியம் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் அரை கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம் சேருங்கள். அமோனியத்தை ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும்போது பிஎச் சரியும், அதாவது புளிப்பு கூடும். காரம் சொட்டவிட்டு 4–4.5இல் நிறுத்துங்கள். வடிகட்டிய காற்று நிமிடத்துக்கு 20–50 லிட்டர் போதும். காற்றே இல்லாவிட்டால் ஈஸ்டின் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாகாது, எத்தனாலைத் தாங்கும் திறனும் குறைந்துவிடும்.

உலர் ஈஸ்ட் 1 கிலோவை 38 டிகிரி நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கலவை நிரப்பிய தொட்டியில் விடுங்கள். சர்க்கரை லிட்டருக்கு 15 கிராமுக்கு இறங்கிய பிறகே ஓட்டத்தைத் திறக்க வேண்டும். முதலில் மணிக்கு 30 லிட்டர் கலவை, பிறகு சில நாள்களுக்கு ஒருமுறை 10 லிட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொட்டி அளவைப் போல் மூன்று மடங்கு திரவம் கடந்துபோனால்தான் நிலை தெளியும். அவசரப்பட்டவர்கள்தான் இங்கே அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். 9 சதவீதத்தில் ஈஸ்ட் மெதுவாகவே பெருகும் என்பதால், வெளியேறும் ஈஸ்டைப் படியவைத்தோ மையவிலக்கியில் பிரித்தோ தொட்டிக்கே திருப்புங்கள்.

முழு ஓட்டத்தில் சுமார் 2 கிலோவாட் வெப்பம் உண்டாகும். குளிர்நீர்ச் சுருள் 30–32 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. மணிக்குச் சுமார் 3 கனமீட்டர் கார்பன் டைஆக்சைடும் வெளிவரும். அது தரையோடு தேங்கி மூச்சடைக்கும். குழாய் வைத்து கட்டடத்துக்கு வெளியே விட்டே ஆக வேண்டும்.

சர்க்கரை ஏறி, ஈஸ்ட் எண்ணிக்கை இறங்கினால் ஓட்டம் ஈஸ்டை அடித்துக்கொண்டு போகிறது. ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். ஈஸ்ட் குறையாமல் பிஎச் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சரிந்தால் லாக்டிக் பாக்டீரியா புகுந்திருக்கும். பிரித்த ஈஸ்டை நீர்த்த கந்தக அமிலத்தில் பிஎச் 2–2.5இல் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துத் திருப்பி விடுங்கள். மிச்சச் சர்க்கரையைப் பிரிக்ஸ் மானியில் பார்க்காதீர்கள். எத்தனால் அந்த அளவைப் பொய்யாக்கும், ஒடுக்கும் சர்க்கரைச் சோதனைதான் சரி.