இரும்பு தேங்கும் மரபணு: எந்த மக்களிடம் எந்தத் திரிபு என்று நாமே பார்ப்பது எப்படி?

உடம்பில் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி ஈரல், இதயம், கணையம் எல்லாவற்றையும் கெடுக்கும் பரம்பரை நோய் ஹீமோகுரோமடோசிஸ். "ஜீன் டெஸ்ட் நார்மல்" என்றதும் நிம்மதியாகிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அந்த டெஸ்ட் எந்த ஊர்க்காரர்களின் திரிபை (மரபணுவில் உள்ள சிறு மாற்றத்தை) தேடியது? அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: பெயரைப் பிடியுங்கள்
6ஆவது குரோமோசோமில் உள்ள எச்எஃப்இ என்ற மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. அதில் இரண்டு திரிபுகள் முக்கியம். ஒன்று சி282ஒய், அதன் எண் ஆர்எஸ்1800562. இன்னொன்று எச்63டி, எண் ஆர்எஸ்1799945.

படி 2: நோமேட் (gnomAD) தளத்தில் தேடுங்கள்
இது லட்சக்கணக்கானோரின் மரபணுத் தரவு உள்ள இலவசத் தளம். தேடல் பெட்டியில் முதல் எண்ணை இடுங்கள் ('ஆர்எஸ்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில்). மக்கள்குழு வாரியாக ஓர் அட்டவணை வரும். ஐரோப்பியர் வரிசையில் சுமார் 6 சதவீதம் இருக்கும் (ஆட்களில் அல்ல, மரபணுப் பிரதிகளில்; ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி). கிழக்காசியர் வரிசையில் ஏறக்குறைய பூஜ்யம். தெற்காசியர் வரிசையிலும் மிகக் குறைவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். 'ஐரோப்பியர்' என்பது சராசரி. அயர்லாந்தில் மிக அதிகம், தெற்கே இத்தாலி, கிரேக்கம் பக்கம் போகப் போகக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் ஒரே எண்ணில் மறைந்துவிடுகிறது.

படி 3: கணக்குப் போடுங்கள்
அயர்லாந்தில் சி282ஒய் திரிபின் அளவு சுமார் 0.11, அதாவது 11 சதவீதம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதுவே வர வேண்டுமானால் 0.11 × 0.11 = 0.0121, அதாவது சுமார் 83 பேரில் ஒருவர். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் 2 × 0.11 × 0.89 = 0.196, ஐந்தில் ஒருவர்! இரண்டு பிரதி இருந்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மாதவிடாயில் இரும்பு வெளியேறுவதால் பெண்களுக்குத் தாமதமாகவே தெரியும்.

இந்தத் திரிபு புதிதாக வந்ததும் அல்ல. வட அயர்லாந்தின் ராத்லின் தீவில் 2006இல் எலும்புகள் கிடைத்தன. சுமார் 4,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த அந்த மனிதர்களில் ஒருவரிடமே சி282ஒய் இருந்தது. படித்த அன்று சிலிர்த்துவிட்டது.

படி 4: இரண்டாவது எண்ணையும் இடுங்கள்
எச்63டி பரவலானது, தெற்காசியரிடமும் கணிசமாக உண்டு. இலங்கை மக்களைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வு, அங்குள்ள திரிபுகள் ஐரோப்பாவிலிருந்து வராமல் தனியாகவே தோன்றியிருக்கலாம் என்றது. ஆனால் எச்63டி மட்டும் இருந்து இரும்பு மிகுவது அரிது. ரிப்போர்ட்டில் பார்த்ததும் பயப்பட வேண்டாம்.

படி 5: எச்எஃப்இயோடு நிறுத்தாதீர்கள்
ஆப்பிரிக்க வழிவந்தோரிடம் ஃபெரோபோர்ட்டின் (செல்லிலிருந்து இரும்பை வெளியேற்றும் புரதம்) மரபணுவில் க்யூ248எச் என்ற திரிபு உண்டு. ஜப்பானில் ஹீமோஜுவெலின் போன்ற வேறு மரபணுக்களையும் பார்ப்பார்கள்.

ஆகவே நம்மூர்க்காரர் ஒருவருக்கு சி282ஒய் இல்லை என்று வந்தால், அது எதிர்பார்த்ததே. நம்மிடம் இரும்பு மிகுவதற்குப் பெரும்பாலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயும் அதற்காக அடிக்கடி ரத்தம் ஏற்றுவதும்தான் காரணம். ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மட்டும் கூடியிருந்தால் கொழுப்பு ஈரலாலும் இருக்கலாம். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 45 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், வேறு மரபணுக்களைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.