மொட்டை மாடி, தென்னை மரம், 12 வோல்ட் பேட்டரி: முதல் ஹாம் ரேடியோ போட்டிக்குத் தயாராவது எப்படி

அக்டோபர் கடைசியில் எங்கள் நீடாமங்கலம் பக்கம் சம்பா நடவு முடிந்தும் முடியாமலும் இருக்கும். மழை இன்றைக்கா நாளைக்கா என்று போக்குக் காட்டும். பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசும் ஹாம்கள், உலகம் முழுக்க எத்தனை பேரோடு தொடர்புகொள்ள முடியும் என்று மோதுவது சிக்யூ வேர்ல்டு வைட் போட்டி. அந்த மாதத்தின் கடைசி முழு வார இறுதியில்தான் அதன் குரல் பகுதி நடக்கிறது. சனி காலை நம் நேரம் 5:30க்குத் தொடங்கி திங்கள் காலை 5:30 வரை, மொத்தம் 48 மணி நேரம். முழுக்க உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் முதல் தடவை உட்கார்ந்தது ஆறு மணி நேரம்தான்.

முதலில் உரிமம். அது இல்லாமல் மைக்கைத் தொடக்கூடாது. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். மோர்ஸ் தேர்வு இல்லாத ரெஸ்ட்ரிக்டட் நிலையில் தேறினால் வியூ3 (VU3) என்று தொடங்கும் கால்சைன், அதாவது உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர் கிடைக்கும். எந்தெந்த அலைவரிசை, எத்தனை வாட் என்பதை உங்கள் உரிமத்தில் ஒரு தடவை படித்துவிட்டு மேலே வாருங்கள்.

ஆன்டெனா

பணத்தை ரிக்கில் (ரேடியோ பெட்டியில்) போடுங்கள், நேரத்தை ஆன்டெனாவில் போடுங்கள். புதியவருக்கு 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) டைபோல், அதாவது நடுவில் இணைப்பு கொடுத்த இரட்டைக் கம்பி ஆன்டெனா போதும். கணக்கு எளிது: 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் அடியில் வரும். 14.2க்கு 33 அடி, அதாவது பக்கத்துக்குப் பதினாறரை அடி. வீட்டு வயரிங் கம்பியே போதும். ஆனால் பதினேழரை அடியாக வெட்டிக்கொள்ளுங்கள். கூடுதலாக இருந்தால் நறுக்கலாம், குறைந்தால் ஒட்டுப்போட வேண்டிவரும்.

நடுவில் ஒரு பிவிசி குழாய்த் துண்டு. கம்பியின் ஒரு பக்கத்தை, ரிக்கிலிருந்து வரும் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளின் நடு இழையிலும், மறுபக்கத்தை அதன் வலைப்பின்னலிலும் பற்றவையுங்கள். அதற்குக் கீழேயே கோஆக்ஸை ஒரு சாண் விட்டத்தில் எட்டுச் சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். ரேடியோ அலை கோஆக்ஸின் வெளிப்புறம் வழியே வீட்டுக்குள் இறங்காமல் அது தடுக்கும். பற்றவைத்த இடத்தில் எம்-சீல் பூசி, மேலே பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன். இரண்டு நாள் மழையில் கோஆக்ஸுக்குள் தண்ணீர் இறங்கி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பிவருகிறது என்ற அளவு) காட்டும் முள் பித்துப்பிடித்ததுபோல் ஆடியது.

மாடியில் ஒரு மூங்கிலை நட்டு, நடுப்பகுதியை அதன் உச்சிக்கு ஏற்றுங்கள். தரையிலிருந்து 30 அடி இருந்தால் நல்லது. இரு முனைகளையும் சரித்து நைலான் கயிற்றால் தென்னை மரங்களுக்கு இழுங்கள். இப்படித் தலைகீழ் வி-யாகக் கட்டினால் வடமேற்கில் ஐரோப்பா, வடகிழக்கில் ஜப்பான் இரண்டுக்கும் ஓரளவு கேட்கும். காற்றில் தென்னை நன்றாக ஆடும் என்பதால் கயிற்றை மரத்தோடு முடிந்துவிடாதீர்கள். ஒரு கப்பி வழியாக விட்டு நுனியில் செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. மரம் ஏறத் தெரிந்தவரிடம், "அண்ணே, காய் பறிக்கும்போது இந்தக் கப்பியையும் கட்டிடுங்க" என்று சொன்னால் தனிக்கூலி மிச்சம்.

பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிக்கு மேலேயோ, அறுந்தால் அதன்மேல் விழும் தூரத்திலோ கட்டவே கூடாது.

கட்டிய இடத்திலேயே எஸ்டபிள்யூஆர் பாருங்கள். 14.2க்குக் கீழே எங்கேயோதான் குறைந்த அளவு கிடைக்கும். இருபக்கமும் இரண்டிரண்டு அங்குலம் நறுக்கினால் சுமார் 140 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். அவசரப்படாமல் நறுக்குங்கள்.

மின்சாரமும் இரைச்சலும்

100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியில் நேராக, தடித்த குட்டையான ஒயரும் ஃபியூஸும் போட்டு இணைக்கலாம். சார்ஜரை மட்டும் அணைத்துவிடுங்கள், அது கொசுபோல் ரீங்காரமிடும்.

பேட்டரியில் ஓட்டுவதில் இன்னொரு வசதி, வீட்டு மெயினை அணைத்துவிட்டு பேண்டைக் கேட்டுப் பார்க்கலாம். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் அது மாட்டுக்கொட்டகை எல்இடி பல்பு. ஊருக்கே கரண்ட் போன அரைமணி நேரத்தில்தான் எனக்கு அதிகம் தொடர்பு கிடைத்தது என்றால் நம்புங்கள்!

மைக்கைப் பிடித்ததும்

நீங்கள் சிக்யூ ('யாராவது பேசுங்கள்' என்ற பொது அழைப்பு) அழைக்க வேண்டாம். அழைப்பவர்களைத் தேடிப் போங்கள். 14.150க்கு மேலே அப்பர் சைட்பேண்டில் (இந்தப் பேண்டில் குரலுக்கான முறை) மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தால், ஒருவர் கால்சைனைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் மூச்சுவிடும் இடைவெளியில் "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ..." என்று உங்கள் கால்சைனை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். ஜெர்மனிக்காரர் என்றால் உங்கள் கால்சைனோடு "ஃபைவ் நைன் ஒன் ஃபோர்" என்பார். நீங்கள் "ஃபைவ் நைன் டூ டூ" என்றால் முடிந்தது. 59 என்பது குரல் தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்ற குறிப்பு; 22 என்பது போட்டிக் கணக்கில் நம் மண்டல எண், ஜெர்மனிக்கு 14. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும் 59 என்றுதான் சொல்வோம். எல்லோரும் கூசாமல் சொல்லும் பொய் அது.

கூட்டத்தில் உங்கள் குரல் அமுங்கினால் சோர வேண்டாம். 22ஆம் மண்டலம் எல்லோருக்கும் புள்ளிப் பெருக்கி (ஒவ்வொரு புது நாடும் மண்டலமும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும்), தேடிவந்து எடுப்பார்கள். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு மாலையும் முன்னிரவும் நல்ல நேரம்.

புள்ளிக் கணக்கு இப்படி: வேறு கண்டம் 3, ஆசியாவின் பிற நாடுகள் 1, இந்தியா 0. ஆனால் ஒரு இந்திய நிலையத்தோடு பேசினால் நாடு ஒன்று, மண்டலம் ஒன்று என இரண்டு பெருக்கி கிடைக்கும், விடாதீர்கள். 30 ஐரோப்பியர், 8 ஆசியர், 2 இந்தியர் என்றால் 98 புள்ளி. அவர்கள் 20 நாடு, 10 மண்டலத்தில் இருந்தால் 98ஐ 30ஆல் பெருக்கி 2,940.

இடி கேட்டால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

லாக்

லாக் என்பது பேசியவர்களின் பதிவேடு. அதை எழுத உதவும் என்1எம்எம் இலவச மென்பொருள். கணினிக் கடிகாரம் சரியாக இருந்தால் யுடிசி நேரத்தை (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) அதுவே போடும். நோட்டில் எழுதுபவர்கள் தேதி காலை 5:30க்குத்தான் மாறும் என்பதை மறக்காதீர்கள். நான் நள்ளிரவில் தேதியை மாற்றி எழுதி, பிறகு ஒரு பக்கம் முழுக்க அடித்துத் திருத்தினேன். கேப்ரில்லோ என்ற போட்டி லாக் வடிவக் கோப்பை ஐந்து நாளுக்குள் போட்டி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 12 தொடர்புதான் இருக்கிறது என்று கூச்சப்படாமல் அனுப்புங்கள்.

அப்புறம், கம்பியை இறக்கினாலும் கப்பியையும் கயிற்றையும் மரத்திலேயே விட்டுவையுங்கள். நவம்பர் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸ் பகுதி இருக்கிறது.