புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று யாராவது அனுப்பினால் என்ன செய்வது

மாதத்துக்கு ஒரு தடவையாவது குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு சித்தப்பா இந்தச் செய்தியை அனுப்பிவிடுவார். வீட்டில் நோயாளி இருந்தால் மனசு துள்ளும். துள்ளட்டும், ஆனால் முதலில் எந்தப் புற்றுநோய், எத்தனை பேர், மனிதர்களா எலிகளா என்று மூன்றையும் தேடுங்கள். எலி என்றால் அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிடலாம்.

2022 ஜூனில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தின் செய்தி இப்படித்தான் பரவியது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஆறு மாதம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை இந்த மருந்தை ஏற்றியதில், அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ இல்லாமலேயே 12 பேருக்கும் கட்டி மறைந்தது. பொய்யே இல்லை. ஆனால் அது மலக்குடல் புற்றுநோய், அதுவும் டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதம் வேலை செய்யாத வகை, நூறு மலக்குடல் நோயாளிகளில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் அது இருக்கும். பிழைகள் குவிந்து கிடப்பதால் அந்தக் கட்டி நம் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது, அவற்றைப் பிடித்திருக்கும் பிரேக்கை மருந்து விடுவிக்கிறது.

சரி, நம் வீட்டு நோயாளிக்கு அது பொருந்துமா? பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள். ஐஎச்சி (கட்டியில் ஒரு புரதம் இருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்க்கும் சோதனை) என்ற தலைப்பின் கீழ் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று அந்தத் திருத்தும் புரதங்களுக்கு நான்கு வரி இருக்கும். நான்கிலும் 'இன்டாக்ட்' (புரதம் இருக்கிறது) என்று இருந்தால் இது அந்த வகையல்ல. ஏதாவது ஒன்றில் 'லாஸ்' (புரதம் இல்லை) என்று இருந்தால் அந்த வரியை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள் (பரம்பரையாக வருவதா என்றும் சேர்த்துக் கேளுங்கள், கூடப் பிறந்தவர்களுக்கும் அது முக்கியம்). நான்கு வரியுமே இல்லையென்றால் சோதனை செய்யப்படவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், பயாப்ஸியில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவிலேயே (பிளாக்) செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

ரத்தப் புற்றுநோய் என்றால் கதை வேறு. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு (நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப ஏற்றுவது) 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இதுவும் எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இல்லை, பி-செல் என்ற வெள்ளை அணுக்களில் வரும் வகையில், வழக்கமான சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்தவர்களுக்கும் அடங்காதவர்களுக்கும்தான்.

அப்புறம், இன்னும் ஆய்வில் இருக்கும் மருந்தென்றால் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பதிவேடு) தளத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எந்த ஊர், இப்போது ஆள் எடுக்கிறார்களா, எல்லாம் அதிலேயே இருக்கும். ஆய்வு மருந்துக்குப் பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.